அல்லியின் திக்கலை யாரைக் கேட்டு எடுத்தாய்

கட்கி, புனே
ஞாயிறு மத்தியானம்

மகன் பெனிஸ்டனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பா சுகம், முட்டுவலி மட்டும் குளிருக்கு ஏறி இறங்குகிறது. நானும் சுகம். உன் தங்கச்சி ஜெபிஷாதான் சுகமில்லை. காய்ச்சலோ தலைவலியோ இல்லை, காரணம் நீ. போனில் சொன்னால் லண்டனிலிருந்து நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

உன் படத்தைப் பார்த்தோம். எத்தனை கம்பெனிக்காரர்கள் மும்பையிலிருந்து வந்து கேட்டும் கொடுக்காத, நான் எழுதிய அல்லிக் கதைகளை, திரைக்கதை எழுதப்போவது என் வயிற்றில் பிறந்தவன் என்று நம்பித்தான் கொடுத்தேன். அல்லி ஏறிப் போகிற எருமையை இறக்கை வைத்த வெள்ளைக் குதிரையாக்கினாய், போகட்டும் என்று விட்டேன். மூளா ஆற்றங்கரையில் நடக்கிற கதையில் பனி கொட்டுகிறது, கட்கியில் என்றைக்கடா பனி கொட்டியது, அதையும் விட்டேன். அப்பா பாப்கார்னை மென்றுகொண்டே, வெளியூர்க்காரனுக்குப் புரியணும்லா, சும்மா இரு என்றார். இடைவேளைக்குப் பிறகு அந்த மந்திரவாதி அல்லியின் நாக்கில் தேனைத் தடவுகிறான், அவள் திக்காமல் மடமடவென்று பேசுகிறாள், தியேட்டரே கை தட்டுகிறது. அங்கேதான் என் வயிறு எரிந்தது. அல்லி முதல் எழுத்தில் நின்று தடுமாறும்போதுதானே மலைக்கதவு திறக்கும். சரளமாகப் பேசுகிறவனுக்குத் திறக்காத கதவு அது. ஏழு புத்தகமும் அந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காமல் இருந்த உன் தங்கச்சிக்காகத்தான் அந்தக் கதையைக் கட்டினேன் என்பது ஊருக்குத் தெரியாமல் இருக்கலாம், கூடவே படுத்துக் கேட்டவன் நீ, உனக்குத் தெரியாதா?

அவள் தன் சண்டே ஸ்கூல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று உனக்குத் தெரியும். புத்தகத்தைத் தொட்டதில்லை, ஜெபிஷா வாசித்துக் காட்டித்தான் அவர்களுக்கு அல்லியைத் தெரியும். அவள் திக்குகிற இடத்திலெல்லாம் அல்லி திக்குகிறாள் என்று நினைத்து மூச்சுவிடாமல் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அல்லியும் ஜெபிஷாவும் ஒன்றுதான். திரையில் அல்லிக்குச் சரியானதும் அத்தனை பிள்ளைகளும் அந்த இருட்டில் திரும்பி உன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் நம் சபை ஜெனிபரின் சின்ன மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அல்லி டீக் ஆயிட்டா, நல்லாயிட்டா, நீங்க எப்போ ஆவீங்க என்று கேட்டது. குழந்தையை என்ன சொல்ல, அது ஆசையாகத்தான் கேட்டது. ஜெபிஷா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

நம் சபையில் அவள் வேதபாடம் வாசிக்கும் முறை வந்தால் எல்லோரும் எப்படிக் காத்திருப்பார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வார்த்தை சிக்கிக்கொண்டால் ஒருத்தரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், இருமக்கூட மாட்டார்கள், அவளே கொண்டுவந்து சேர்ப்பாள். இன்றைக்கு அவள் முறை. தொண்டை சரியில்லை என்று ஜெனிபரை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அதைவிட மோசம். பக்கத்து அறையில் இருந்துகொண்டு, சாயா வேணுமா என்று எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள். உன்னை நான் திட்டினேன், அதற்கும் எழுத்தில்தான் பதில், அவன் நல்லாத்தான் எழுதியிருக்கான், திட்டாதீங்கம்மா என்று. அதைப் படித்துவிட்டு உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

இரண்டாம் படத்துக்கு என் கையெழுத்து வேண்டுமென்று உன் கம்பெனிக்காரன் தினமும் கூப்பிடுகிறான். போட மாட்டேன். தேனும் மந்திரமும் பொய் என்று ஆகி, அல்லி மறுபடி தன் திக்குவாயோடு பேசினால் போடுவேன், இல்லாவிட்டால் படமே வேண்டாம். பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்காதே என்று அப்பா முனகுகிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இதைப் படித்து முடித்ததும் ஜெபிஷாவைக் கூப்பிடு. மெசேஜ் அனுப்பாதே, பேசு. சின்ன வயதில் செய்ததுபோல அவள் சொல்ல வந்ததை நீ சொல்லி முடிக்காதே. உன்னைத் திட்டத்தான் வாயைத் திறக்கிறாள் என்றாலும், அந்த வார்த்தை முழுசாக வந்து சேரும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நில்.

கோபம் ஆறாத உன் அம்மா,
மில்ட்ரெட் ஜோசப்ராஜ்