மியூட் போடாத தறி

நவம்பர் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாலு வருடம்.

காலையிலிருந்து தூறல். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்: வீட்டிலிருந்து வேலை இனி கிடையாது, அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் சென்னை அலுவலகத்துக்கு வரவேண்டும். வர முடியாதவர்கள் வியாழன் காணொளிக் கூட்டத்தில் எம்.டி. மேடத்திடம் காரணம் சொல்லலாம்.

அப்பா பக்கவாதத்தில் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மனைவி சுமதி பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். நான் சென்னை போனால் அப்பாவுக்கு யார்? போகாவிட்டால் வேலை இல்லை.

உத்தரவின் கீழே கௌதம் பெயர். காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னைத் தாண்டி மேலாளர் ஆனான். தினமும் அலுவலகம் போய் முகம் காட்டினானாம். காணொளியில் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தைக் கேட்டு அவன் எனக்கு வைத்த பெயர் 'தறி சார்'. "தறி சார், மியூட் ப்ளீஸ்." எல்லோரும் சிரிப்பார்கள். மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை.

நவ. 4, செவ்வாய்

பால். அப்பாவுக்குப் பவுடர். நெட் ரீசார்ஜ்.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணாச்சி வாசலில் மடக்கினார்.

"என்ன வே, எப்பவும் வீட்டுலயே இருக்கீரு. வேலை போயிட்டோ?"

"வேலையே வீட்டுலதான் அண்ணாச்சி."

"அதத்தான நாலு வருசமாச் சொல்லுதீரு. வெக்கப்படாதேயும். நம்ம தறிக்குக் கணக்கெழுத வாரீரா?"

நான் எம்.காம்., முதல் வகுப்பு.

அதற்குள் ஒரு பெண் வந்தாள். அவரிடம் நூல் வாங்கிப் போய் வீட்டில் நெய்பவள். சேலையை விரித்துப் பார்த்தார். "கரை நல்லா விழுந்திருக்கு ஏட்டி. அடுத்த நூல எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான். பகலில் நெய்தாளா, ராத்திரியா, கேட்கவே இல்லை.

சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

நவ. 6, வியாழன்

ஜெயித்தேன்.

என் முறை. மியூட்டை எடுத்தேன். தடக் தடக் தடக்.

"தறி சார், மியூட்..." என்றான் கௌதம்.

"மியூட்ல எப்படிப்பா பேச?"

சிரிப்பு. இந்தமுறை என்னைப் பார்த்து அல்ல.

மேடம்: "அது என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டுத் தறி மேடம். இங்க முதலாளி நூலக் கொடுத்துருவாரு, அவங்கவங்க வீட்டுல நெய்வாங்க. எப்ப உக்காந்தேன்னு கேக்க மாட்டாரு, சேலைய விரிச்சுப் பாப்பாரு. நீங்களும் என் சேலையப் பாருங்க. முகந்தான் வேணும்னா போட்டோ அனுப்புதேன்."

பிறகு மேடம் கௌதமிடம்: "உங்க பிரிவுல தப்பே இல்லாம முடிக்கிறது யாரு?"

"தறி சார்தான், மேடம்."

வாய் தவறி அதே பெயர். முதல்முறையாக இனித்தது.

உத்தரவு ரத்து. வீட்டிலிருந்து செய்யும் வேலையை எப்படி நடத்துவது என்று யோசனைகளை அலுவலக இணையதளப் பொதுப் பலகையில் எழுதச் சொன்னார் மேடம். பெயர் கட்டாயமில்லை.

அப்பாவைப் புரட்டும்போது சொன்னேன். பாதி வாயால், "அப்பம் சென்னைக்குப் போகலியா?" "போகல" என்றேன். தூங்கிவிட்டார்.

நவ. 7, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

யோசனைகளை எழுதி முடித்தேன். முடித்த வேலையை அளந்து பாருங்கள், உட்கார்ந்த நேரத்தை அல்ல. கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். கூட்டம் காலையில் ஒன்று போதும். புதியவர்களுக்கு மட்டும் முதலில் சில மாதம் அலுவலகம், பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் (கௌதமுக்கு நான் வாய்த்ததுபோல. இதை மட்டும் அடித்து நீக்கிவிட்டேன்). பதவி உயர்வு நாற்காலிக்கு அல்ல, வேலைக்கு. வீட்டை விரும்புவது சோம்பலால் அல்ல. ரயிலில் நசுங்கும் நேரத்தில் வீட்டில் ஒருவருக்குச் சோறு ஊட்டலாம்.

சுமதி படித்தாள். "பேர் போடலியா? போட்டா அந்த கௌதம் பய மூஞ்சி கறுக்கும்லா?"

பார்க்க ஆசைதான். ஆனால் பெயர் போட்டால் கிழவனின் பழைய கோபம் என்று ஒதுக்கிவிடுவான். போடாவிட்டால் எழுதியது யாரோ என்று அவனுக்கு அத்தனை பேர்மீதும் சந்தேகம் வரும். ஒவ்வொருவரிடமும் அவன் பணிவாகப் பேசித்தான் ஆகவேண்டும்.

ஆள் யாரென்று தெரிந்துவிடுமே என்று 'தறி' என்ற சொல் வந்த இடத்தை மட்டும் நீக்கினேன். பெயரில்லாமலே போடுகிறேன்.