நான் சொன்ன நான்கு நாள்

ஹார்ட்டில்பூல்
மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள பெத்தனிக்கு,

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பிரிஸ்டலில் நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவிடமிருந்து கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நீ அங்கே போன இந்த இரண்டரை வருஷத்தில் போனில் நான் உன்னோடு பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம் தேறாது. நல்லா இருக்கியா கண்ணு, இந்தா அம்மாகிட்ட பேசு, அதோடு சரி. இதையும் போனில் ஆரம்பித்தால் பாதியில் அவள் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவேன், அதனால்தான் காகிதம். போன வாரக் காற்றில் பின்பக்க வேலியில் இரண்டு பலகை போய்விட்டது, கடலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் வேலி அடிப்பதற்கே ஆயுசு போகும். தம்பி கார்ல் கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டான், கேட்டால் அந்த ரவுண்டானாவை எவன் போட்டானோ அவனைத்தான் திட்டுகிறான். ஷீலா அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆஸ்பத்திரி டீ வாயில் வைக்க முடியவில்லை என்று சண்டை போடுகிறாள், அப்படியென்றால் குணமாகிவிட்டாள் என்று அர்த்தம்.

ஊர்க்கதை பேசி நேரத்தைக் கடத்துகிறேன் என்று எனக்கே தெரிகிறது. விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நீ அம்மாவிடம் அழுதாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் அங்கேயே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். நீ போட்ட திட்டத்தில் அந்தக் கூலிங் பம்பைப் பிரித்து மாட்ட நான்கு நாள் என்று எழுதி, நான்கு நாளுக்குச் சோதனைக் கூடத்தையே மூடச் சொல்லி, அங்கே ஃபிட்டர்கள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள் என்றாய். மீதி இரண்டு நாள் கூடம் சும்மா கிடந்தது, அடுத்த குழு வாசலில் காத்துக்கொண்டு நின்றது, இந்த நான்கு நாள் எங்கிருந்து வந்தது என்று உன் மேலாளர் பத்துப் பேர் முன்னால் கேட்டார் என்றாய். பதினான்காம் தேதி உன் மதிப்பாய்வு, அதில் தேறினால்தான் பெரிய வேலைக்கு மாற்றுவார்கள், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே மேஜைதான் என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பம்ப் புத்தகத்துல ரெண்டு நாள்னுதாம்மா போட்டிருந்துச்சு, அப்பா கை வச்சு வேலை செய்றவரு, அவரு சொன்னதுதான் சரியா இருக்கும்னு அடிச்சிட்டு மாத்தினேன், அவரு பம்ப் பெருசா இருந்திருக்கும், நான்தான் அளவு சொல்லாம கேட்டுட்டேன் போல, என்று சொன்னாய். அம்மா என் பக்கம் திரும்பி, அப்படியாங்க என்று கேட்டாள். ஆமாம், எங்க பம்ப் பெருசுதான் என்றேன். கையில் இருந்த கிழங்கைப் பாதி அளவுக்குச் சீவித் தள்ளிவிட்டேன்.

நீ அளவு சொன்னாய் கண்ணு. ஜனவரியில் வீட்டுக்கு வந்து கேட்டபோது முதலில் அளவைத்தான் சொன்னாய், மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்றுகூடச் சொன்னாய், நான்தான் தெரியாதவன்போல இன்னொரு தரம் கேட்டேன். அதே பம்பை நான் நூறு தடவை பிரித்திருப்பேன். பேரிங்கும் சீலும் மாற்றி, மறுபடி மாட்டி, மோட்டாரோடு நேர் பார்க்க இரண்டு பேருக்கு இரண்டு நாள், ஒரு போல்ட் முறிந்தால் இன்னும் அரை நாள். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நீ கேட்டாய், நான் நான்கு என்றேன், நாக்கு கூசவில்லை.

எங்கள் ஒர்க்ஷாப்பில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு, ஆபீஸ் ஆள் வந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மனசில் இருப்பதை இரண்டு மடங்காக்கிச் சொல்ல வேண்டும், சொல்லும்போது ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா வந்த பழக்கம் இல்லை இது. நீ பிறந்து கொஞ்ச நாளில் ஆபீஸிலிருந்து ஒருத்தன் எங்கள் வேலை நேரத்தை அளக்கக் கடிகாரத்தோடு வந்து நின்றான், நாங்கள் விசுவாசமாக உள்ள நேரத்தைச் சொன்னோம், அடுத்த மாதம் அதிலும் கால்வாசி வெட்டினார்கள், அதற்கடுத்த மாதம் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒருத்தனும் உண்மை சொன்னதில்லை. அது நியாயமா இல்லையா என்று இப்போது நான் வாதாட வரவில்லை. அந்தப் பொய் கடிகாரக்காரனுக்காக வைத்திருந்தது, அதை எடுத்து உன் தலையில் கட்டினேன், அதுதான் விஷயம். வேலியே பயிரை மேய்ந்த கதை. வாய் தவறி வந்துவிட்டது என்று மூன்று நாளாக எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஃபிட்டர் மகள் திட்ட மேலாண்மை படிக்கப் போகிறாள், மற்ற நாளெல்லாம் கம்பெனியில் வேலை, வாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகம், சம்பளமும் கொடுத்துப் பட்டமும் கொடுப்பார்கள் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னபோது நான் கிளப்பில் உட்கார்ந்து, நம்ம வீட்டுலயே கணக்கு அட்டை தூக்கிட்டு வர்ற ஆபீஸ் ஆள் ஒண்ணு உருவாகுது பாரு என்று சிரித்தவன். அந்தச் சிரிப்பு உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. நீ அப்பா என்று கூப்பிட்டுத்தான் கேட்டாய், எனக்கு ஆபீஸ் கேட்கிற மாதிரி காதில் விழுந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டென்னிஸிடம் சொன்னேன், உனக்குத் தெரியுமே, என் பெஞ்சுக்கு எதிர் பெஞ்சு. திட்டுவான், எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். பலே ரோனி, பெத்த பொண்ணுக்கே நாலு சொன்னியா, இத்தனை வருஷத்துல ஒருத்தனும் இப்படிச் செஞ்சதில்லடா என்று முதுகில் தட்டினான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தக் கை முதுகில் பட்ட இடம் இன்னும் கூசுகிறது. என் ரொட்டியை அப்படியே பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நீ அந்தப் பத்துப் பேர் முன்னால் நின்று, நான்தான் சரியா விசாரிக்கல, என் தப்பு என்று சொன்னாயாம், என் பெயரை எடுக்கவே இல்லையாம், அம்மா சொன்னாள். இருபத்தொரு வயசுப் பெண் செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டு நிற்கிறாள், ஐம்பத்தேழு வயசு ஆள் கிழங்கு சீவுகிறான். உன் முகத்தில் முழிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி, எங்கே தாமதம் வரும், எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜனவரியில் உனக்கு நான்கு நாள் என்று சொன்னது நான்தான், அது பொய் என்று தெரிந்தே சொன்னேன் என்பதும் அதில் இருக்கிறது. பதினான்காம் தேதி அதை மேலாளர் கையில் கொடு. அப்பாவைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும். அவர் நம்பாவிட்டால் எனக்குப் போன் போடச் சொல், வேலை நேரமானாலும் எடுப்பேன், ஷாப்பில் எல்லாரும் கேட்கும்படியே பேசுவேன். டென்னிஸ் என்ன சொல்வான் என்று தெரியும், சொல்லிவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு அவளிடம் போய்ச் சொல்வேன், அவள் என்ன எடுத்து வீசினாலும் வாங்கிக்கொள்வேன்.

நீ கெட்டிக்காரி. எங்கள் ஷாப்புக்கு வந்த எந்த ஆபீஸ்காரனும் தன் தப்பு என்று ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை, நீ திறந்தாய், அந்த ஒன்றுக்காகவே உனக்கு நல்லது நடக்க வேண்டும், நடக்கும். மனசைத் தளரவிடாதே, காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ, மழையில் சைக்கிளில் போகாதே. கோபம் இருந்தால் வைத்துக்கொள், ஆறிய பிறகு பேசினால் போதும், நான் காத்திருப்பேன். கடைசியாக ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் வேலை விஷயமாக நான் எது சொன்னாலும், வேறு ஒரு ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
ரோனி ஹார்க்கர்