கார் செட்டை மாற்ற வேண்டாம்

ஏங்க, எழுந்ததும் அந்த ஸ்டீரியோ கடைக்காரருக்கு போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன் ஸ்பீக்கர் இரண்டும் செத்துவிட்டன, செட்டையே மாற்றியாக வேண்டும் என்று நேற்று குதித்தீர்களே, நானும் பதிலுக்குக் கத்தினேனே! ஒன்றும் சாகவில்லை.

இப்போது வண்டியைக் கிளப்பும்போது, கோபத்தில் செட்டில் இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கினேன். சத்தம் மொத்தமும் பின் சீட்டுக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறது. வைத்தது நீங்கள்தான், மகாராசா! குவாரியில் பாறை துளைக்கும் மெஷினில் நான் சேர்ந்த புதிதில், காது இரைகிறது என்று அழுதுகொண்டு காரில் ஏறினேனே, அன்றைக்கு, "நீ கண்ண மூடிக்கோ, பாட்டு பின்னாடியே கெடக்கட்டும்" என்று திருப்பிவிட்டீர்கள். அப்புறம் இருவருமே மறந்துபோனோம்.

முன்பக்கம் திருப்பினேன். அடேயப்பா! எதிர்வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம். சொல்லலாமென்று மேலே ஓடிவந்தால் குறட்டை விடுகிறீர்கள்.

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன்.

காரை நான் கொண்டுபோகிறேன். வேலை விடுகிற நேரத்துக்கு பஸ் பிடித்து குவாரி வாசலுக்கு வாருங்கள். சுற்று வழியாகவே வருவோம். நீங்கள் ஓட்டுங்கள், நான் கூடவே கத்திப் பாடுவேன். சகிக்கவில்லையென்றால் பெண்டாட்டியை மாற்றுங்கள். செட்டைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன்.