தடை செய்யப்பட்டவள் மட்டும் உள்ளே வரலாம்

ஜூன் 11, வியாழன்

இன்று கம்ப்யூட்டர் லேபில் எல்லா மெஷினிலும் என் பெயரில் நுழைந்து, ஒரே படத்தைத் திரை முழுக்க வைத்துவிட்டு வந்தேன். லேப் சார் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் படம். கீழே: "சர்வர் தற்போது ஓய்வில் உள்ளது." சிரித்துச் சிரித்து வயிற்று வலி.

சார் வருமுன் தலைமையாசிரியை வந்துவிட்டார். இப்போது வேறு மாதிரி வயிற்று வலி.

ஜூன் 12, வெள்ளி

சொந்தப் பெயரில் நுழைந்து சேட்டை செய்த முதல் குற்றவாளி நான்தானாம். "மூளை இருந்தா வேற யார் பேர்லயாவது செஞ்சிருப்பே," என்றார் சார். அது தப்பில்லையா சார்? இது டைரிக்கு மட்டும்.

தண்டனை: சாயங்காலம் ஒவ்வொரு மெஷினாக நுழைந்து படத்தை நீக்க வேண்டும். அதற்கு முன் சார் கோபத்தில் எதையோ மாற்றினார். எங்கள் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் தலைமை அலுவலகத்து சர்வரில் இருக்கின்றன. அதைக் கேட்டுத்தான் மெஷின் உள்ளே விடும். இன்டர்நெட் லைன் இல்லாவிட்டால், முன்பு வந்தவர்களைத் தன் ஞாபகத்திலிருந்தே விட்டுவிடும்.

"இனிமே ஒரு மெஷின் கடைசியா வந்த ஒருத்தரை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கும். அடங்கட்டும் உங்க கொட்டம்!"

நான் நீக்கி முடித்ததும், சர்வரில் என் கணக்கை ஒரு மாதத்துக்கு முடக்கினார். லேப் வாசலைத் தாண்டவும் தடை.

ஜூன் 13, சனி

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும். எப்படி?

ஜூன் 15, திங்கள்

காலையில் லேப் திறக்கும் முன்பே, தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் லைனை வெட்டிவிட்டார்கள். சர்வர் எங்கோ, நாங்கள் எங்கோ. எந்த மெஷினும் யாரையும் உள்ளே விடவில்லை. சாரையும்தான். மெஷினுக்கென்றே ஓர் உள்ளூர்க் கணக்கு இருந்ததாம். அதன் பாஸ்வேர்ட், பழைய லேப் சாரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது.

என் தோழி சுருட்டை (முடி அப்படி) மூன்று மாதமாக வரைந்த அனிமேஷன் படம் ஏழாவது மெஷினின் பொது ஃபோல்டரில். இன்று சாயங்காலத்துக்குள் போட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். வேறு காப்பி கிடையாது, மக்கு.

"எல்லாம் உன்னாலதான்டி. இனி எங்கிட்ட பேசாதே."

அழுதுட்டா. சுருட்டை அழுது நான் பார்த்ததே இல்ல. அவ சிரிக்கலைன்னா நான் யாருக்காக இதெல்லாம் பண்றது?

வாசலிலேயே நின்றேன். மண்டைக்குள் சட்டென்று ஒரு பல்ப்.

"சார், ஏழாவது மெஷின்ல கடைசியா நுழைஞ்சது யாரு?"

"யாரு?"

"நான்தான் சார். எல்லாத்துலயும் நான்தான்."

"உன்னைத்தான் தடை பண்ணியாச்சே!"

"தடை எங்க சார் இருக்கு?"

"சர்வர்ல."

"லைன் இல்லாம அதை மெஷினுக்கு யார் சார் சொல்லுவா?"

சார் வாயைத் திறந்தார். அந்தப் படத்தில் திறந்த அதே அளவு.

"உள்ள வா, வாலு."

பாஸ்வேர்ட் அடித்தேன். கொஞ்சம் யோசித்தது. விட்டது! சுருட்டை பென் டிரைவோடு ஓடினாள். பாதி வழியில் திரும்பி வந்து, என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மறுபடி ஓடினாள். சமாதானம்.

ஜூன் 16, செவ்வாய்

லைன் வந்தது. கூடவே தடையும். "உதவிக்கு நன்றி. தண்டனை தண்டனைதான்," என்றார் சார். நியாயமான மனுஷன், சே.

ஜூன் 20, சனி

சார் ஒவ்வொரு மெஷினிலும் புதிதாக உள்ளூர்க் கணக்கு போட்டார். மெஷினின் ஞாபகத்தையும் பத்துப் பேருக்கு நீட்டினார். எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது கேபிளைப் பிடுங்க வேண்டும். வேண்டுமென்றே. அனுமதியோடு. யாரைக் கூப்பிட்டார்? என்னை! சுருட்டையும் வேடிக்கை பார்க்க வந்தாள். அனுமதியோடு செய்தால் பாதி ருசிதான். ஆனாலும் ருசி.

ஜூன் 30, செவ்வாய்

சுருட்டைக்கு மூன்றாம் பரிசு. இப்போது நான்கு காப்பி வைத்திருக்கிறாள்.

ஜூலை 13, திங்கள்

தடை நீங்கியது. ஏழாவது மெஷினில் கம்பீரமாக உட்கார்ந்து பாஸ்வேர்ட் அடித்தேன்.

திரை முழுக்க நான். பிடுங்கிய கேபிளும் கையுமாக, நாக்கைத் துருத்திக்கொண்டு. கீழே: "சர்வர் போனாலும் இது போகாது."

சார் பெரிய புத்தகம் ஒன்றுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. படம் எடுத்தது யாரென்று திரும்பிப் பார்த்தேன் — சுருட்டை அக்கறையாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அதை நீக்கவில்லை.