தனலட்சுமி என்று நாலு பேர்

மாசி 3, திங்கள்

பனி. தஞ்சாவூர் ஹெட் ஆபீஸ் வாசல் கம்பி வரை ஈரம். இங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவள் நான்தானே, காலையிலேயே முதலாளி போன். வைரஸ். மூன்று அரிசி ஆலையிலும் கொள்முதல் பில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சம்பா அறுவடை உச்சம், ரோடு முழுக்க நெல் டிராக்டர். நேரம் பார்த்து வருகிறது சனியன்.

எல்லாக் கம்ப்யூட்டரையும் கண்காணிக்கிற பாதுகாப்பு சர்வரில் ஒரே ஒரு சிவப்பு வரி. "தனலட்சுமி: சனிக்கிழமை காலை பாதுகாப்பு நிறுத்தப்பட்டது." பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீடாமங்கலம் ஆலையில் பில் போடுகிற பெண்ணின் பெயரும் தனலட்சுமி. போன் ஸ்பீக்கரில் அவளிடம் முதலாளி:

"உன் பேரு போட்டே வந்திருக்கும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? சாவிய மேஸ்திரிகிட்ட குடுத்துட்டுக் கெளம்பு."

அது கம்ப்யூட்டரின் பெயர், ஆளின் பெயர் அல்ல என்று வாயெடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருவதும் அவள்தானே என்று விட்டுவிட்டேன். ஒற்றை விரலால் டைப் அடிப்பவள், எதற்கெடுத்தாலும் அழுபவள். அழுதாள். இந்த ஆபீசில் அடுத்தவர் அழுகைக்கு யார் டீயும் ஆறியதில்லை.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

மாசி 4, செவ்வாய்

பஸ்ஸில் நீடாமங்கலம். ரயில்வே கேட் மூடி அரை மணி நேரம். பக்கத்து சீட் அம்மாள் போனில், "நெல்லுல ஈரப்பதம் கூடன்னு திருப்பி அனுப்பிட்டான், நாசமாப் போறவன்."

வைரஸைத் துடைத்தாயிற்று. பழைய பில் எல்லாம் பேக்கப்பிலிருந்து வந்துவிட்டது. உயிர் வந்தது. ஆனால் வேறொரு குழப்பம். தஞ்சாவூர், நீடாமங்கலம், கூத்தாநல்லூர், மயிலாடுதுறை என்று நாலு கம்ப்யூட்டர் சர்வரில் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது. இங்கே பிளக்கையே பிடுங்கினேன். போனில் பார்த்தால் அப்போதும் சர்வரில் பச்சை, தொடர்பில் இருக்கிறதாம்! விலாசம் மட்டும் மாறிக்கொண்டே. இப்போது கூத்தாநல்லூர், கொஞ்ச நேரத்தில் மயிலாடுதுறை. பேய்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

பேய் இல்லை, முதலாளியின் வேலை. மேஸ்திரி சொன்னார்:

"இந்த மொதக் கம்ப்யூட்டர் ராசியானதும்மா. பூச போட்டுத் தனலட்சுமின்னு பேரு வச்ச வருசம்தான் மத்த ரெண்டு ஆலையும் வாங்குனாரு. இதையே அப்படியே காப்பி எடுத்து எல்லா எடத்துலயும் போடு, பேரக்கூட மாத்தாதேன்னுட்டாரு. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு அப்படியே போட்டாரு."

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சர்வர் ஓர் அடையாள எண் கொடுக்கும். காப்பி எடுத்தபோது அந்த எண்ணும் சேர்ந்து காப்பி. நாலு குடும்பம் ஒரே ரேஷன் கார்டைக் காட்டுகிற கதை. சர்வருக்கு நாலும் ஒரே ஆள். சந்தனம் குங்குமம் வைத்த கம்ப்யூட்டரை ஒரு உதை விடலாம்போல இருந்தது.

அப்படியானால் அந்தச் சிவப்பு வரி எந்தத் தனலட்சுமி?

மாசி 5, புதன்

வெயில். தையல்காரி பிளவுஸைக் கெடுத்துவிட்டாள்.

தனலட்சுமி போன். எடுக்க வேண்டாம் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, சனிக்கிழம எங்க பக்கம் சாயங்காலம் வரைக்கும் கரண்டே இல்லக்கா. பராமரிப்புன்னு நிறுத்திட்டாங்க. கையாலதான் பில்லு எழுதுனேன். வேல போனாப் போவட்டும். பேரு கெட்டுப் போச்சேக்கா. நெல்லு கொண்டாற சனமெல்லாம் நான்தான் பில்ல அழிச்சேன்னு பேசுது. சித்திரைல கல்யாணம் வச்சிருக்கு. மாப்ள வீட்லேருந்து ரெண்டு நாளா போனே வரல."

முதலாளியிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாய்க்கு என்ன, கொடுக்கும்.

பிறகு சனிக்கிழமைப் பதிவில் விலாசத்தைப் பார்த்தேன். நீடாமங்கலம் இல்லை. தஞ்சாவூர், இதே கட்டடம், மாடி அறை. முதலாளியின் மருமகன். போய்க் கேட்டேன். முறுக்கு தின்றுகொண்டே சொன்னார்:

"ஆமா, ஒரு படம் எறக்கினேன். அந்தப் பாதுகாப்பு சும்மா தடுத்துக்கிட்டே இருந்துச்சு, நிறுத்திட்டேன். ஏன், அதுக்கு என்ன இப்ப?"

மாசி 7, வெள்ளி

முதலாளியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். எண், விலாசம், கரண்ட் இல்லாதது, படத்தோடு வந்து மூன்று ஆலைக்கும் பரவிய வைரஸ். புரிந்துகொண்டார். அதுதான் கொடுமை. மருமகனும் பக்கத்திலேயே சோபாவில்.

"பொண்ணு குடுத்திருக்கேன். மாப்பிள்ளைய நான் கேள்வி கேக்கவாம்மா?"

"கேக்க வேணாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு ஆலையில ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"அப்ப யாரு தப்புன்னு கேப்பானுங்கள்ல? விடு. அந்தப் பேரே ராசி போச்சு. கம்ப்யூட்டருக்கெல்லாம் வேற வேற பேரு வச்சிடு." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொண்ணும் வேற பேரு வச்சுக்கிட்டு வந்தா வரட்டும்."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன், பல் தெரிய. தூ.

மாசி 8, சனி

அவள் அப்பா வந்தார். குத்தகைக்கு உழுகிறவர். அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, காலில் காய்ந்த சேற்றோடு.

"காசு பணம் வேணாங்க. எம்பொண்ணு பண்ணலன்னு முதலாளி வாயால ஒரு சொல்லு. மாப்ள வீட்டுக்குப் போன்ல சொன்னாப் போதும்."

மருமகன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, நம்ம வைரஸோட அப்பாவா?"

அவருக்கு வைரஸ் என்றால் புரியவில்லை. ஏதோ மரியாதையாகக் கேட்கிறார் என்று கும்பிட்டார். முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். முதலாளி உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாசி 10, திங்கள்

மூட்டம். மழை வந்தால் அறுத்த நெல் போச்சு.

நாலு கம்ப்யூட்டரிலும் பழைய அடையாளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் சர்வரில் பதிவு. புதுப் பெயர்கள் முதலாளி ஜோசியரிடம் கேட்டு அனுப்பியவை. கஜலட்சுமி, தைரியலட்சுமி, விஜயலட்சுமி. மருமகன் கம்ப்யூட்டருக்கு சந்தானலட்சுமி. நாலு வரி, நாலும் பச்சை. யார் எது செய்தாலும் இனி அவரவர் பெயரில் விழும்.

நீடாமங்கலத்துக்குப் புது ஆள் வந்தாயிற்று. மேஸ்திரி போனில் சொன்னார். அவளிடம் முதலில் பெயரைத்தான் கேட்டார்களாம்.

பழைய வரி மட்டும் சாம்பல் நிறத்தில் அடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் மெசேஜ். "கல்யாணம் நின்னுடுச்சுக்கா. முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

திரையில்: "தனலட்சுமி: தொடர்பில் இல்லை. நீக்கவா?"

ஆமாம் என்று அழுத்தினேன்.