கயலின் கணினியை மாற்றிய ஞாயிறு

கண்ணு கயலு,

நம் கடைக் கணினியை மாற்றிவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? கேட்கிறவர்களுக்கு அது பழைய சாமான் போய்ப் புதுச் சாமான் வந்த சேதி. எனக்கு அப்படி இல்லை என்பது உனக்குத்தான் தெரியும்.

நீ போன பிறகும் கடையைத் தினமும் திறக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, வாரிசுச் சான்று விண்ணப்பம், பள்ளிக்கூட வினாத்தாள் என்று வடமதுரையும் சுற்றுப்பட்டும் இன்னும் நம்மிடம்தான் வருகிறது. பாதிப் பேர் "கயலு இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுகிறார்கள். பிறகு அவர்களே நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். அதற்கு நான் வருத்தப்படுவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நானும் உன்னைத்தானே தேடுகிறேன்?

உன் அண்ணனுக்கு வாக்கப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தேன். ஆனால் இந்த வீட்டில் எனக்கு முதலில் கிடைத்தது நீதான். "மதினி, வீட்ல ஒக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கவா வந்தீங்க? கடைக்கு வாங்க" என்று இழுத்துப் போய் உன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாய். சின்ன வயதிலிருந்தே பழுதான இதயத்தை வைத்துக்கொண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குவாய். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் உன் கைக்கு ஈடுகொடுக்க யாரால் முடிந்தது?

வருகிற பென்டிரைவில் எல்லாம் வைரஸ் வந்து விண்டோஸ் படுத்துக்கொண்டே இருந்ததால், ஒருநாள் வெறுத்துப்போய் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாய். "ஓசிதான் மதினி, ஆனா சொன்ன பேச்சு கேக்கும்" என்றாய். நீ இடதுகைக்காரி. மவுஸின் பொத்தான்களை அதற்குத் தகுந்தபடி இடம் மாற்றி, அதை மேசையின் இடப்பக்கம் வைத்தாய். எழுத்துருக்கள், சுருக்கங்கள், எந்தப் பொத்தானை அமுக்கினால் எது திறக்க வேண்டும் என்பது வரை எல்லாமே உன் இஷ்டம். நானும் அதிலேயே பழகிவிட்டேன். மதுரைக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பியபோதுகூட நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "ஷட்டவுன் பண்ணாம சுவிட்சை அமத்திராதீங்க மதினி" என்பதுதான். அவ்வளவுதான் பேசினோம். திரும்பி வரப்போகிறவள்தானே என்று நானும் வேறொன்றும் பேசவில்லை.

சில மாதங்களுக்கு முன்பே கணினி தடுமாற ஆரம்பித்தது. உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். நீ போட்ட லினக்ஸுக்கு இனிமேல் அப்டேட் இல்லை என்று அதுவே சொன்னது. பிரவுசர் பழசு என்று சான்றிதழ் விண்ணப்பப் பக்கங்கள் திறக்கவில்லை. திண்டுக்கல்லுக்குப் போய்ப் புதுக் கணினி ஒன்று விலை பேசி வாங்கினேன். கடைக்காரர், "பழசைக் கொண்டு வாங்கக்கா, ஃபைல் அம்புட்டையும் காப்பி பண்ணித் தாரேன். செட்டிங்ஸ்லாம் வராது, புதுசா வச்சுக்கங்க" என்றார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "மகேசு, புதுசுல அவ பேரு வேணாம்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. கணினியைப் போட்டதும் முதலில் உன் பெயரும் படமும்தானே வரும். தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போன அன்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம். நீ போன பிறகு ஒரே ஒரு தடவை கடைக்குள் வந்தார். படத்தைப் பார்த்தார். அதோடு சரி. தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, வெளியிலிருந்தே பேசிவிட்டுப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை மூடியிருந்தபோது உட்கார்ந்தேன். புது லினக்ஸ் ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்று, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது. செத்த நேரம் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தேன். பிறகு மகேஸ்வரி என்று அடித்தேன். அடித்ததும் எழுந்துபோய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

பழைய கணினியின் ஹார்டுடிஸ்கைக் கழற்றி, ஒயர் மாட்டிப் புதியதில் சொருகினேன். அது ஓட வேண்டுமே என்று உள்ளூரப் பயம். ஓடியது. கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டர் அத்தனையையும் எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தேன். திருநிறைச்செல்வி இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கொக்கியுமாகக் கிடந்தது. உன் எழுத்துரு ஒன்றுகூட வரவில்லை. மவுஸும் வலதுகைக்காரர்களுக்கு இருப்பதுபோலவே இருந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றியது. நீ வேலை செய்த சுவடே இல்லாத ஒரு கணினி முன்னால் தினமும் நான் எப்படி உட்காருவேன்?

அப்போதுதான் நீ என்றைக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. "புள்ளி வச்சு ஆரம்பிக்கிற ஃபோல்டரு மறைஞ்சு கெடக்கும் மதினி. கன்ட்ரோலும் ஹெச்சும் அமுக்குனாத் தெரியும். தெரிஞ்சா தொட்டுத் தொலைச்சிராதீங்க, நான் வச்சது பூராம் அதுலதான் இருக்கு." அமுக்கினேன். வெறுமையாகக் கிடந்த இடமெல்லாம் மங்கலான நிறத்தில் ஃபோல்டர்களாக நிரம்பின. நீ வைத்தது பூராவும் அங்கேதான் இருந்தது.

என்னென்ன மென்பொருள் போட்டிருந்தாய் என்று பழைய டிஸ்கிலிருந்தே பெயர்களை எடுத்து, எல்லாவற்றையும் புதியதில் இறக்கினேன். பிறகு அந்தப் புள்ளி ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். உன் பெயரில் இருந்தவற்றை என் பெயரில் திறக்கவிடுமா, பூட்டு விழுமா என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் தடுக்கவில்லை. பார்த்தால், உரிமையாளர் என்ற இடத்தில் ஏற்கனவே என் பெயர் இருக்கிறது. லினக்ஸ் ஆட்களைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் அறியுமாம். முதலில் கணக்குத் தொடங்குகிறவருக்கு எப்போதும் ஒரே எண். அதில் முதல் ஆள் நீ, இதில் முதல் ஆள் நான். அதனால் நீ வேறு நான் வேறு என்று அதற்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன் கயலு.

வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். மவுஸைத் தட்டினால் தட்டிய இடத்தில் ஒன்றும் திறக்காமல் வேறு ஏதோ வந்து நின்றது. திரும்பத் தட்டினேன், திரும்ப அதே. பிறகுதான் உறைத்தது. அது உன் மவுஸாகிவிட்டது! மேசையின் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். பத்திரிகையைத் திறந்தேன். திருநிறைச்செல்வி உன் எழுத்திலேயே வந்து நின்றாள்.

இது நடந்து சில நாள் கழித்து உங்க அண்ணன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். தக்காளித் தோட்டத்தில் கரண்டு போஸ்ட்டு மரம் ஒன்று காற்றில் சாய்ந்து மாட்டுக்கொட்டகை மேல் விழுகிற மாதிரி நிற்கிறதாம். மின்வாரியத்துக்கு மனு எழுத வேண்டும். வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க. அவ படம் இல்ல" என்றேன்.

வந்து உன் பக்கத்து நாற்காலியில், அதாவது என் பழைய நாற்காலியில், உட்கார்ந்தார். அனுப்புநர் என்று அடித்ததும் என் கை நின்றது. அவர் மனு எழுத வந்தால் நீ ஒரே ஒரு சொல்லை அடிப்பாய், அவர் பெயரும் விலாசமும் தானாக வந்து நிற்கும். அது என்ன சொல் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. செல்வராசு என்று அடித்தேன். வரவில்லை. செல்வம் என்று அடித்தேன். அதுவும் இல்லை.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க?" என்றார். சொன்னேன். அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "அவ என்னையப் பேரு சொல்லியா கூப்புடுவா? அண்ணேன்னு போட்டுப் பாரு" என்றார்.

அண்ணே என்று அடித்து ஸ்பேஸ் பட்டனைத் தட்டினேன். அந்தச் சொல் மறைந்து அந்த இடத்தில் அவர் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர் எல்லாம் வந்து நின்றது.

உங்க அண்ணன் கண்ணை இமைக்கவில்லை. "இன்னொருக்கா போடு" என்றார். அழித்துவிட்டுப் போட்டேன். "தள்ளு, நான் போடுறேன்" என்று என்னை நகர்த்திவிட்டு, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். அண்ணே. பெயர் வந்தது. மறுபடியும் அண்ணே. மனு எழுத வேண்டிய தாள் முழுக்க அவர் பெயராக நிரம்பியது. லேமினேஷனுக்கு வந்து நின்ற அம்மாளிடம் செத்த நேரம் கழித்து வரச் சொல்லி நான் கையைக் காட்டினேன்.

துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "இது அழிஞ்சு போயிராதுல்ல மகேசு?" என்றார்.

"போகாது. நான் பாத்துக்கிறேன்."

அவர் மனுவை வாங்கிக்கொண்டு போன பிறகு எனக்கு ஆசை விடவில்லை. மதினி என்று அடித்து ஸ்பேஸைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மதினி மதினியாகவே நின்றது. முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். எனக்கு எதற்கு நீ சுருக்கம் வைக்க வேண்டும்? நீ திரும்பினால் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். உனக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

இந்தக் கணினியும் ஒருநாள் பழசாகும். அதற்கப்புறம் இன்னொன்று வரும். அப்போதும் நீ வைத்ததை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். என் கண் தெரிகிறவரைக்கும், கை ஓடுகிறவரைக்கும் இப்படித்தான் செய்வேன். உங்க அண்ணனுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், எதுவும் அழியாது.

உன்
மதினி