கலங்கரை இருந்த பெட்டி

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 23

அன்பிற்குரிய தோரா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது டுலூத்தில் பனி எந்த அளவில் இருக்கிறதோ தெரியவில்லை. உங்கள் அக்கா ஆக்னஸ் ஊன்றுகோல் இல்லாமல் படியேறுகிறார் என்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தீர்கள். அந்த இடுப்பு இனி அவருக்குத் தொல்லை தராதிருக்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்திய பழக்கம், முதலில் பட்டியல் போடாவிட்டால் எனக்கு எழுத வராது. சிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் இருப்பவை:

1. பொம்மை உரிமம் கைமாறிய செய்தி.
2. பழைய கலங்கரை, புதிய கலங்கரை, இருவரின் உயரம்.
3. நான் செய்த ஒரு தவறு. (இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தைரியம் போதாமல் மூன்றாவதாக வைத்தேன்.)
4. இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை என்பதும், நான் பதிலை எதிர்பார்க்கவில்லை என்பதும்.

நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது வதந்தியாக இருந்தது உண்மையாகிவிட்டது. விடிவெள்ளிப் படையின் வீரர்களைப் பொம்மையாகச் செய்வதற்குச் சித்திரக்கதை நிறுவனம் கொடுத்திருந்த உரிமம், டிசம்பர் 31-ஆம் தேதியோடு பழைய நிறுவனத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. கையிருப்பை விற்றுத் தீர்க்க இந்த மாதக் கடைசிவரை அவகாசம். அதனால் எங்கு பார்த்தாலும் தள்ளுபடிச் சிவப்புச் சீட்டு. போன வாரம் ஒரு மலிவு விலைக் கடையில் இரும்புக் குதிரைக்காரனைப் பார்த்தேன். குளியல் துவாலைகளுக்கும் ரப்பர் செருப்புகளுக்கும் நடுவே தலைகீழாகக் கிடந்தான். நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். வாங்கவில்லை, என்னிடம் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள்.

பொம்மை சேர்ப்பவர்களின் சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் கர்ட்டிஸ் கடையின் பின்னறையில்தான் நடக்கிறது. நீங்கள் இல்லாததால் டோனட் மிஞ்சுகிறது. உரிமச் செய்தி வந்த அன்று எல்லோரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தார்கள். "ஒன்பது வருஷமாச் சேத்தாச்சு. இனிமே வர்றது ஒண்ணும் இதுங்களோட சேந்து நிக்காது. அளவே வேறயாம்" என்று ஒருவர் புலம்பினார். கர்ட்டிஸ் கல்லாவைத் துடைத்துக்கொண்டே, "பொம்மைக்கு அந்த மாதிரி வீம்பெல்லாம் கிடையாதுய்யா. நிக்க வச்சா நிக்கும். வீம்பு பூரா நமக்குத்தான்" என்றார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு அன்று துக்கம் இல்லை. உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. பழைய நிறுவனம் இனி ஒன்றும் செய்யாது என்றால் என் பட்டியல் முடிந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பொம்மைகள், ஒன்றைக்கூட நான் பிரிக்காதவை, ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள். கடைசி வரியின்கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு நோட்டை மூடிவிடலாம் என்று இருந்தேன்.

இனி இரண்டாவது விஷயம்.

புதிய நிறுவனம் முதல் பொம்மையாக யாரை வெளியிட்டது தெரியுமா? கலங்கரையை. உங்கள் கலங்கரைதான், நரைத்த கூந்தலும் கையில் விளக்குமாகப் படையின் முன்னால் நடப்பவள். நரைத்த தலை விற்காது என்று பழைய நிறுவனம் அவளை எட்டு வருடம் தள்ளிப்போட்டதும், நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறை அவர்களுக்குக் கடிதம் எழுதியதும், உரிமம் போகப்போகிற நேரத்தில் போனால் போகிறது என்று கொஞ்சமாகச் செய்து ஒரே ஒரு தடவை கடைக்கு அனுப்பியதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதியவர்கள் அவளிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். முகத்தில் சுருக்கங்களைக்கூட விடாமல் தீட்டியிருக்கிறார்கள். நானும் ஒருத்தியை வாங்கினேன். படையின் முதன்மையான ஏழு பேரையும் இரண்டே வருடத்தில் முடிப்பதாகச் சொல்கிறார்கள்.

புதியவள் உண்மையிலேயே பெரியவளா, எவ்வளவு பெரியவள் என்று கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். பழைய கலங்கரை எங்களில் என்னிடம் மட்டும்தான் இருந்தாள். நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கடைசிச் சனிக்கிழமை என் கையில் கொடுத்துவிட்டுப் போன அதே பெட்டி. அதைக் கொண்டுவரச் சொன்னார்கள். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் வழியாகவே அளந்துவிடலாம், திறக்கத் தேவையில்லை என்றேன்.

"வாத்தியாரே, கண்ணாடிக்கு வெளியே நின்னு பாத்தே எழுபத்தோரு வருஷத்த ஓட்டிட்டீங்க" என்றார் கர்ட்டிஸ். "உள்ள இருக்கிறவளுக்குக் காலு மடங்கியிருக்கா, நேரா இருக்கான்னு வெளியிலேருந்து எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அளவெடுக்கும் முறைப்படி அவர் சொன்னது சரி. முழங்கால் மடங்கியிருந்தால் உயரம் தப்பாக வரும். பெட்டியை வீட்டில் திறந்து, அளந்து, மறுபடி மூடிவிடுவதாக ஒப்புக்கொண்டேன்.

முடிவுகளை எழுதிவிடுகிறேன். பழையவள் பதினைந்து சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். புதியவள் பதினேழு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. மூன்று முறை அளந்தேன். பெட்டியைத் திறந்தது மதியம், அளந்தது இரவு.

நடுவில் நடந்ததுதான் மூன்றாவது விஷயம்.

போன ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு, துணிக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியின் அடிப்பக்கத்தைப் பிளேடால் கீறினேன். பொம்மையைப் பிடித்திருக்கும் தட்டை மெல்ல இழுத்தேன். அதற்குப் பின்னால் நான்காக மடித்த மஞ்சள் தாள் ஒன்று இருந்தது. கோடு போட்ட தாள். உங்கள் கையெழுத்து.

தோரா, பதினான்கு மாதங்களாக அந்தப் பெட்டி என் வரவேற்பறையில், நான் தினமும் தேநீர் குடிக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது.

நீங்கள் அதைக் கொடுக்கும்போது, "வீட்டுக்குப் போயி நல்லாப் பாருங்க, கெஸ்லர்" என்றீர்கள். பார்த்தேன். ஆறு பக்கமும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒட்டுநாடா வேறாக இருப்பதையும் கண்டேன். வாங்கிய பொம்மையைக் கடை வாசலிலேயே பல்லால் கடித்துப் பிரித்து, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நிற்கவைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பவர் நீங்கள். எனக்குக் கொடுக்கப்போகும் பெட்டி என்று தெரிந்தும் ஆசை தாங்காமல் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் சற்று வருத்தப்பட்டேன். நோட்டில் இப்படி எழுதினேன்: "எண் 312. அடிப்பக்க ஒட்டுநாடா மாற்றப்பட்டுள்ளது. நிலை: பத்துக்கு எட்டு." பிறகு உங்களுக்கு ஒரு நன்றி அட்டை அனுப்பினேன். அதில் பொம்மையின் வண்ணப்பூச்சைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. வேறொன்றும் இல்லை. அந்த நான்கு வரிகளை நீங்கள் எப்படிப் படித்திருப்பீர்கள் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பிச் சொல்வது முறையல்ல. ஆனால் நான் எதைப் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். "அக்கா வீட்டு மாடி பூரா எனக்குத்தான். ஏரியப் பாத்த சுவரு ஒண்ணு பன்னெண்டு அடிக்குச் சும்மா கெடக்கு. மே மாசம் ஐஸ் வெலகினதும் வாங்க. பாத்துட்டுத் திரும்பியும் போகலாம், போகாமயும் இருக்கலாம். ஒங்க பெட்டிங்களத் தொட மாட்டேன், சத்தியம். வாயால கேட்டா நீங்க செவந்துபோயி டோனட் தேட ஆரம்பிச்சுடுவீங்க, அதான் எழுதுறேன். இஷ்டமில்லேன்னா ஒண்ணும் சொல்ல வேணாம். நானும் இதப்பத்தி மறுபடி பேச மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சு அரைமணி நேரத்திலிருந்து ஐந்து நிமிடமாகி, கோடையில் நின்றே போனது. புது ஊரில் புது மனிதர்கள் கிடைத்திருப்பார்கள், தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் ஒதுங்கிக்கொண்டேன். அதை நாகரிகம் என்று நினைத்தேன்.

படித்து முடித்ததும் என்ன செய்தேன் என்று சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கொஞ்ச மதிப்பும் போய்விடும். இந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் கொடுத்த மற்றப் பதினொரு பெட்டிகளையும் எடுத்துவந்து, வரிசையாக, எண் மாறாமல் திறந்தேன். ஒன்றிலும் தாள் இல்லை. பொம்மைகள்தான் இருந்தன. இத்தனை வருடம் அசையாமல் இருந்ததில் அவற்றின் மூட்டுகள் இறுகிப் போயிருந்தன. வெந்நீரில் முக்கினால் இளகும் என்று நீங்கள் யாருக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அடுப்படியில் நின்று, ஒவ்வொருவராக முக்கி எடுத்து, கையையும் காலையும் மடக்கி நீட்டினேன். இப்போது எல்லோரும் சாப்பாட்டு மேசையில் நிற்கிறார்கள். நான் சாப்பிடச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். இரண்டு கலங்கரைகளும் அருகருகே நிற்கிறார்கள். அக்கா, தங்கை போல இருக்கிறது. உறுத்தவில்லை.

மறுநாள் கர்ட்டிஸிடம் போய்ச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, மன்னியுங்கள். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பதினாலு மாசமா அந்தம்மா உக்காந்திருக்கு. நீங்க பெட்டிக்கு மார்க்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"இனிமேல் எழுதினால் மரியாதையாக இருக்குமா?" என்று கேட்டேன்.

"தோராம்மா இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க, வாத்தியாரே. ஸ்டாப்புல பிள்ளைய காணோம்னா வண்டிய எடுத்துட்டுத்தான் போவாங்க, லேட்டாகும்ல. ஆனா எடுக்கும்போது கண்ணாடியில ஒரு தடவ பின்னாடி பாப்பாங்க. ஓடி வர்றது தெரிஞ்சா நிறுத்துவாங்க. நீங்க ஓடுறீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

நான் ஓடக்கூடியவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று முறை தொலைபேசியை எடுத்து, கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சுவரில் இப்போது வேறு ஏதாவது மாட்டியிருப்பீர்கள். பதினான்கு மாதம் ஒரு சுவரைக் காலியாக வைத்திருக்கும் கடமை யாருக்கும் கிடையாது. அங்கே வேறு யாராவது வந்து உட்காரும் நாற்காலி இருந்தாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன். அப்படியானால் இந்தக் கடிதத்தை, காலம் கடந்தாலும் உண்மையாக எழுதிய ஒரு நன்றி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இல்லையென்றால், மே மாதம் இரண்டாவது வாரம் நான் கிளம்பி வர முடியும். வரைபடத்தில் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் பயணம், நடுவில் மாடிசனில் ஓர் இரவு. நான் எவ்வளவு மெதுவாக ஓட்டுவேன் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் மூன்று நாள் என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சாவியைக் கர்ட்டிஸ் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். திறந்திருக்கும் பொம்மைகளை ஒரு பையில் போட்டு எடுத்துவருவேன். மூடிய பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும். அவற்றைத் தனியாகத் திறக்க எனக்கு விருப்பமில்லை, பிறகு சேர்ந்து திறக்கலாம். பல்லால் கடித்துப் பிரிப்பதை மட்டும் என்னால் அனுமதிக்க முடியாது. கத்தரிக்கோல் என் பொறுப்பு.

பழைய நிறுவனத்தோடு முடிந்தது என்று நினைத்த பட்டியலில், புதியவளை எண் 313 என்று நேற்று எழுதிச் சேர்த்தேன். "நிலை" என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை. "நிற்கிறாள்" என்று எழுதினேன்.

ஏரியில் பனிக்கட்டி இந்த வருடம் சீக்கிரம் விலகட்டும். ஆக்னஸுக்கு என் வணக்கங்கள். நீங்கள் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள். தொப்பியைக் காரிலேயே விட்டுவிடும் பழக்கம் உங்களுக்கு உண்டு.

கடிதத்தை உறையில் போடும் முன் முதலிலிருந்து ஒரு தடவை படித்தேன். சோதனைக் குறிப்பேட்டில் பிழை நேர்ந்தால் அழிக்கக் கூடாது, மேலே ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதவில்லை. நான்காவதாக எழுதியது தவறு. பதிலை எதிர்பார்க்கிறேன்.

பிந்தி வந்தாலும் தங்களுடைய,
ஆர்லன் கெஸ்லர்